ஃப்ளாஷ் அடித்தும் படத்தில் பேய்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை முகம் துல்லியமாக விழுந்திருக்கிறது. சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிகிறது. ஆனால் காதுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு காது. கையசைத்த இடத்தில் வெளிறிய ஒரு விசிறி. அடுத்த படத்தில் இன்னும் விசித்திரம்: அவர் தோள் வழியாகப் பின்னால் இருக்கும் எல்இடி வால் (பெரிய எல்இடி திரை) தெரிகிறது. இப்படி வரும்போது பலரும் ஃபோகஸைத்தான் சந்தேகப்படுகிறார்கள், சிலர் லென்ஸை சர்வீஸுக்குக்கூடக் கொடுத்துவிடுகிறார்கள். லென்ஸ் பாவம். ஃப்ளாஷும் மெதுவான ஷட்டரும் சேர்ந்து ஒரே ஃப்ரேமுக்குள் இரண்டு படங்களை எடுத்து வைத்திருக்கின்றன.

முதல் படம் ஃப்ளாஷ் எடுத்தது. கேமரா மேல் மாட்டும் ஃப்ளாஷ் எரியும் நேரம் மிகக் குறைவு. நிக்கான் எஸ்பி-910 ஃப்ளாஷ் முழு பவரில் 1/880 விநாடியும், 1/128 பவரில் 1/38500 விநாடியும் எரியும் என்று அதன் கையேடு சொல்கிறது. ஷட்டர் 1/15-இல் இருந்தாலும் 1/200-இல் இருந்தாலும் இந்தப் படம் மாறாது. இரண்டாவது படம் மண்டப வெளிச்சம் எடுத்தது. சீரியல் செட், எல்இடி வால், வீடியோ லைட் எல்லாம் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து பதிகின்றன. ஆள் அசைந்தால் இந்தப் படத்தில் அவர் இழுபடுவார். முதல் படத்தின் மேல் இரண்டாவது ஏறி உட்காரும்போது பேய் பிறக்கிறது.

எந்தக் குமிழ் எதைக் கட்டுப்படுத்துகிறது என்பது மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அபெர்ச்சரும் (லென்ஸின் துளை அளவு) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) இரண்டு படங்களையும் சேர்த்தே ஏற்றி இறக்கும். ஃப்ளாஷின் பவரும் தூரமும் முதல் படத்தை மட்டும் மாற்றும். ஷட்டர் இரண்டாவதை மட்டும் மாற்றும். ஆகவே பேயைப் பிடிக்கும் முதல் பிடி ஷட்டர்தான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

கேமராவை எம் (மேனுவல்) மோடில் வையுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ ஆஃப். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, பிரச்சினை வந்த அதே ஷட்டர், அதே அபெர்ச்சர், அதே ஐஎஸ்ஓவில், அதே இடத்தை இன்னொரு முறை எடுங்கள். இப்போது திரையில் தெரிவதுதான் உங்கள் பேய், தனியாக, முகமூடி இல்லாமல்.

அதில் மணப்பெண்ணின் முகம் நன்றாகவே அடையாளம் தெரிந்தால், அவர் அசையும்போதெல்லாம் வெளிறிய உரு வரும். ஆள் கரிய நிழலாகவும் பின்னணி பளிச்சென்றும் இருந்தால், ஆள் வழியாகப் பின்னணி தெரியும் வகை வரும். படம் கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தால் உங்கள் பிரச்சினைக்குக் காரணம் மண்டப வெளிச்சம் இல்லை. கீழே பின்பகுதியில் உள்ள அறிகுறிகளுக்குப் போய்விடலாம்.

ஆட்டோ மோடிலேயே ஃப்ளாஷை மட்டும் அணைத்துப் பார்த்தால் கேமரா மற்ற எண்களை மாற்றிவிடும், சோதனை பொய்யாகிவிடும். எம் மோடு கட்டாயம்.

ஆளைச் சுற்றி வெளிறிய இன்னொரு உரு

அதிகம் வருவது இதுதான். ஆள் மேல் ஏற்கனவே போதுமான வெளிச்சம் விழுகிறது. அதற்கு மேல் ஃப்ளாஷும் விழுகிறது.

எவ்வளவு வெளிச்சம் என்றால் போதுமான வெளிச்சம்? மண்டப வெளிச்சமும் ஃப்ளாஷும் சம அளவில் பதிந்தால், ஆள் மேல் சேர்ந்த ஒளியில் பாதி பேயுடையது. மண்டப வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, இறக்கினால் அதன் பங்கு மூன்றில் ஒன்று. இரண்டு ஸ்டாப் இறக்கினால் ஐந்தில் ஒன்று. மூன்று ஸ்டாப் இறக்கினால் ஒன்பதில் ஒன்று. மெதுவாக அசையும் ஆட்களுக்கு இரண்டு ஸ்டாப் இடைவெளி பெரும்பாலும் போதும். ஆட்டம் பாட்டம் என்றால் மூன்றுக்குப் போங்கள்.

அசைவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் நகர்கிறார். 24 மெகாபிக்சல் கேமராவை நேராக நிமிர்த்திப் பிடித்து இரண்டு மீட்டர் உயரத்தை ஃப்ரேமுக்குள் அடக்கினால், ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று பிக்சல். 1/15-இல் அவர் 9 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பார். அதாவது முழு முக அகலத்தில் பாதிக்கு மேல் இழுபடும். 1/60-இல் 2.3 சென்டிமீட்டர், அதாவது 70 பிக்சல். 1/200-இல் 7 மில்லிமீட்டர், 21 பிக்சல். ஷட்டரை வேகமாக்கும்போது இப்படி இரட்டை லாபம்: பேய் மங்குகிறது, இழுபடும் நீளமும் குறைகிறது.

ஆகவே 1/30-இல் எடுத்துக்கொண்டிருந்தால் 1/125-க்குப் போங்கள். அதுவே இரண்டு ஸ்டாப். போதாவிட்டால் உங்கள் கேமராவின் சிங்க் வேகம் (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) வரை போகலாம். நிக்கான் டி850-க்கு 1/250, கேனான் 5டி மார்க் 3-க்கு 1/200, கேனான் 6டி-க்கு 1/180.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. படம் இருட்டாக வருகிறதே என்று பலரும் ஐஎஸ்ஓவை ஏற்றுகிறார்கள். ஃப்ளாஷ் டிடிஎல்லில், அதாவது பவரைக் கேமராவே அளந்து முடிவு செய்யும் மோடில், இருந்தால் என்ன ஆகும்? ஐஎஸ்ஓ ஏறியதைப் பார்த்து ஃப்ளாஷ் தன் பவரைக் குறைத்துக்கொள்ளும். ஆளின் மேல் ஃப்ளாஷ் வெளிச்சம் முன்பு இருந்த அளவிலேயே நிற்கும், மண்டப வெளிச்சம் மட்டும் ஏறும். 800-இல் இல்லாத பேய் 3200-இல் வருவது இதனால்தான். அபெர்ச்சரைத் திறந்தாலும் இதே கதை. ஃப்ளாஷ் காம்பென்சேஷனை மைனஸில் வைத்து, 'இயற்கையாக இருக்கட்டும்' என்று மென்மையாக அடிப்பவர்களுக்கும் இந்த வம்பு உண்டு. ஃப்ளாஷ் மென்மையானால் பேய்க்குப் பலம் கூடும்.

சிங்க் வேகத்தின் எல்லையைத் தொட்டும் பேய் போகவில்லையா? அப்போது ஃப்ளாஷ் பவரை ஒரு ஸ்டாப் ஏற்றி, அபெர்ச்சரையோ ஐஎஸ்ஓவையோ ஒரு ஸ்டாப் இறக்குங்கள். ஆள் அதே வெளிச்சத்தில் இருப்பார், மண்டபம் ஒரு ஸ்டாப் இறங்கும். ஃப்ளாஷை ஆளுக்குக் கிட்டே கொண்டுபோவதும் இதே பலனைத் தரும்.

இதையெல்லாம் விட முக்கியமான குற்றவாளி, வீடியோ லைட். மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் நிற்கும் அந்த எல்இடி பேனல்கள் நேராக ஆள் மேல் விழுகின்றன. உங்கள் கணக்கில் அதுவும் மண்டப வெளிச்சம்தான். "அண்ணே, குரூப் எடுத்து முடிக்கிற வரைக்கும் லைட்டைக் கொஞ்சம் இறக்குங்க" என்று கேட்டால் பெரும்பாலும் இறக்குவார்கள். இறக்க முடியாத நிலை என்றால், என் கருத்தில் அங்கே ஃப்ளாஷ் தேவையே இல்லை. அணைத்துவிட்டு 1/160-இல் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு வெளிச்சம் இருக்கும் இடத்தில் பேய் வராது.

ஷட்டரை ஏற்றினால் பின்னணி இருண்டு, மேடை அலங்காரம் எல்லாம் கறுப்பில் மூழ்கும் என்பது நியாயமான புகார். பூ அலங்காரத்துக்கு ஐம்பதாயிரம் கொடுத்தவர் உங்களை விடமாட்டார். பின்னணிக்குத் தனியாக இன்னொரு ஃப்ளாஷ் வைப்பது ஒரு வழி. தம்பதி நிற்கும் இடத்தை, பின்னணியை விட ஒரு படி இருட்டாக இருக்கும்படி தேர்வு செய்வது இன்னொரு வழி. வெளிறிய பேய்க்குக் காரணம் ஆள் மேல் விழும் வெளிச்சம். அவருக்குப் பின்னால் எரியும் விளக்கு இதைச் செய்வதில்லை. அது செய்யும் சேட்டை வேறு.

ஆள் வழியாகப் பின்னணி தெரிகிறது

இதில் ஆள் மேல் மண்டப வெளிச்சம் அநேகமாக இல்லை. பின்னால் பிரகாசமான ஒன்று இருக்கிறது: எல்இடி வால், விளக்கு போட்ட கோபுரம், கடைத்தெரு. ஃப்ளாஷ் எரிந்தபோது ஆள் ஓர் இடத்தில் இருந்தார். மிச்ச நேரத்தில் கொஞ்சம் நகர்ந்துவிட்டார். அவர் காலி செய்த இடத்தில் பின்னணி பதிந்துவிட்டது. சென்சாருக்கு இருட்டை நினைவில் வைக்கத் தெரியாது, வந்த ஒளியைக் கூட்ட மட்டுமே தெரியும். அதனால் அவர் உடல் மறைத்திருக்க வேண்டிய இடத்தில் சுவர் விளக்கு எட்டிப் பார்க்கிறது.

தலைமுடியிலும் கறுப்புக் கோட்டிலும் இது மோசமாகத் தெரியும், வெள்ளைச் சட்டை வேட்டியில் அவ்வளவாகத் தெரியாது. ஃப்ளாஷ் பட்ட வெள்ளை ஏற்கனவே பளிச்சென்று இருக்கிறது, அதன் மேல் கொஞ்சம் ஒளி கூடினாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கறுப்பின் மேல் விழுந்தால் சிறு புள்ளியும் தெரியும். இருட்டுப் பின்னணியில், ஆள் மேல் வெளிச்சம் இருக்கும் வகையில் இது தலைகீழ்: அங்கே வெள்ளைச் சட்டைதான் பெரிய பேய். உடையைப் பார்த்தாலே எந்த வகை வரும் என்று ஊகித்துவிடலாம்.

இது ஃப்ளாஷுக்கும் முந்தைய பழைய விஷயம். 1838-இல் புகைப்பட முன்னோடி டாகேர் பாரிஸின் புல்வார் து தாம்ப்ல் தெருவை எடுத்த படத்தில், வண்டிகளும் ஆட்களும் போய்வந்த தெரு காலியாகக் கிடக்கிறது. எக்ஸ்போஷர் அவ்வளவு நீளம். நின்ற இடத்தில் தன் காலணிக்கு இன்னொருவரைப் பாலிஷ் போட வைத்திருந்த ஒருவர்தான் தெளிவாகப் பதிந்தார். எக்ஸ்போஷர் நடுவில் ஒருவரை விலகிப் போகச் சொன்னால் அவர் கண்ணாடி போல ஊடுருவித் தெரிவார் என்று 1856-லேயே டேவிட் ப்ரூஸ்டர் விவரித்தார். ஸ்காட்லாந்து இயற்பியலாளர், கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர். ஆக, உங்கள் ரிசப்ஷன் படத்தில் தெரியும் பேய்க்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லித் தப்பிக்க முயல வேண்டாம்.

இதற்கு ஃப்ளாஷ் பவரை ஏற்றிப் பயனில்லை. பின்னணி எரியும் வரை அது பதியும். மூன்று விஷயங்கள்தான் உதவும்.

முதலாவது, ஆளை அசையாமல் நிறுத்துவது. ஷட்டரில் திறக்க ஒரு திரை, மூட ஒரு திரை. சாதாரண முதல் திரை சிங்க்கில் ஷட்டர் திறந்தவுடனே ஃப்ளாஷ் எரிந்துவிடும். எல்லோரும் 'எடுத்தாச்சு' என்று நினைத்து உடனே தலையைத் திருப்புவார்கள். ஷட்டரோ இன்னும் கால் விநாடி திறந்திருக்கிறது. அதனால் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "ஃப்ளாஷ் அடிச்சதும் நகராதீங்க, நான் சொல்ற வரைக்கும் அப்படியே இருங்க." இந்த ஒரு வாக்கியம் எந்த செட்டிங்கையும் விட நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது, ஆளின் விளிம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. இரவில் விளக்கு போட்ட கோபுரத்தின் முன்னால் ஜோடியை நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். ட்ரைபாட், 1/4 விநாடி, ஃப்ளாஷ். கோபுரம் நேராகத் தலைக்குப் பின்னால் வந்தால் முடியோரமெல்லாம் பொம்மைகள் முளைக்கும். நீங்கள் இரண்டடி நகர்ந்து, தலைகளுக்குப் பின்னால் கறுப்பு வானமோ மரமோ வரும்படி செய்து, கோபுரத்தைத் தோளுக்கு ஓரமாக வைத்தால், அவர்கள் லேசாக ஆடினாலும் ஒன்றும் தெரியாது. காலி செய்த இடத்தில் பதிவதற்கு அங்கே வெளிச்சம் இல்லை.

மூன்றாவது, வழக்கம்போல ஷட்டரை வேகமாக்கி ஐஎஸ்ஓவை ஏற்றுவது. முந்தைய அறிகுறியில் பொறி என்று சொன்ன அதே ஐஎஸ்ஓ இங்கே உதவிக்கு வருகிறது. 1/4-இல் 400-க்குப் பதில் 1/30-இல் 3200 வைத்தால் கோபுரம் அதே பிரகாசத்தில் பதியும், ஆட்கள் அசைய நேரம் எட்டில் ஒன்றாகிவிடும். கொஞ்சம் நாய்ஸ் (படத்தில் பொடிப் புள்ளிகள்) வரும். முடிக்குள் யாளி தெரிவதை விட நாய்ஸ் பரவாயில்லை.

ஆட்டக்காரருக்கு முன்னால் கோடு ஓடுகிறது

இடமிருந்து வலமாக ஆடிப் போகிறவர் துல்லியமாக இருக்கிறார், ஆனால் இழுபட்ட கோடுகள் அவருக்கு முன்னால் நீள்கின்றன. பைக் படம் என்றால் வண்டி பின்னோக்கிப் போவது போல இருக்கும். காரணம் அதே முதல் திரை சிங்க்: முதலில் ஃப்ளாஷ், அப்புறம் கோடு. ரியர் சிங்க் (கடைசித் திரை சிங்க்) வைத்தால் ஃப்ளாஷ் ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் எரியும். கோடு பின்னால் விழும்.

வைத்தீர்களா, உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஷட்டரை 2 விநாடியில் வைத்து ஒரு படம் எடுங்கள். ஃப்ளாஷ் கடைசியில் எரிய வேண்டும். சில வயர்லெஸ் டிரிக்கர்கள் ரியர் சிங்க்கைக் கடத்துவதில்லை, கேமரா மெனுவில் இருந்தாலும் ஆரம்பத்திலேயே எரித்துவிடும். டிடிஎல்லில் இருந்தால் ஆரம்பத்தில் ஒரு சின்ன மின்னலும் வரும். அது வெளிச்சத்தை அளக்கும் முன்மின்னல். ஜோடிகளுக்கு இது பெரிய குழப்பம்: முதல் மின்னலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவார்கள் அல்லது நகர்வார்கள், உண்மையான ஃப்ளாஷ் அப்போது வந்து அடிக்கும். மெதுவான ஷட்டரில் ரியர் சிங்க் என்றால் ஃப்ளாஷை மேனுவலில் வைப்பது நிம்மதி.

ரியர் சிங்க் பேயை நீக்காது, இடத்தை மட்டும் மாற்றும். 1/100-க்கு மேல் ஷட்டர் இருந்தால் முதல் திரைக்கும் கடைசித் திரைக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமும் இருக்காது. நடனத்தில் முகம் தெளிவாகவும் பாவாடை நுனி பின்னால் இழுபட்டும் இருந்தால் அதைப் பிழையென்று அழிக்காதீர்கள், அது நல்ல படம்.

நகராத தூணுக்கும் இரட்டை உரு

மேடைத் தூண், நாற்காலி, விளக்கு எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது கேமரா. பின்னணியில் உள்ள சீரியல் பல்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எல்லாப் பல்பும் ஒரே மாதிரிக் கொக்கி போட்டிருந்தால் சந்தேகமே இல்லை. ட்ரைபாட், ஸ்டெபிலைசர், அல்லது வேகமான ஷட்டர். தூண் சுத்தமாக இருந்து ஆள் மட்டும் இரட்டையாக இருந்தால் ஸ்டெபிலைசரால் பயனில்லை. அது உங்கள் கையை மட்டும்தான் அடக்கும், மாப்பிள்ளையின் தோழர்களை அடக்காது.

ஷட்டரை நான் குறைக்கவே இல்லையே

கேமரா குறைத்திருக்கும். கேனானில் ஏவி மோடில் (அபெர்ச்சரை நீங்களும் ஷட்டரைக் கேமராவும் முடிவு செய்வது) ஃப்ளாஷ் மாட்டினால், கேமரா ஃப்ளாஷை வெறும் துணை வெளிச்சமாக நினைத்துக்கொண்டு, இருட்டுக்கு ஏற்ப ஷட்டரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கும். மெனுவில் ஃப்ளாஷ் கட்டுப்பாட்டுக்குள் போனால் ஏவி மோடில் சிங்க் வேகம் எப்படி இருக்க வேண்டும் என்ற அமைப்பு இருக்கும். அதை '1/200-1/60 ஆட்டோ' என்று மாற்றுங்கள். மேல் எண் மாடலுக்கு மாடல் மாறும். நிக்கானில் ஷட்டரைக் கேமரா முடிவு செய்யும் ஏ, பி மோடுகளில் வழக்கமாக 1/60-க்குக் கீழே இறங்காது, ஆனால் ஸ்லோ சிங்க்கை (மெதுவான ஷட்டரோடு ஃப்ளாஷ்) தேர்ந்தெடுத்திருந்தால் அந்த எல்லை போய்விடும். சோனியில் ஃபில் ஃப்ளாஷ், ஸ்லோ சிங்க் இரண்டும் தனித்தனியாக இருக்கும்; கை தவறி ஸ்லோ சிங்க்கில் நின்றுவிடுவது சகஜம். நைட் போர்ட்ரெய்ட் சீன் மோடும் இதைத்தான் செய்கிறது.

எதற்கும் படத்தின் தகவலைத் திறந்து ஷட்டர் எண்ணைப் பாருங்கள். ஃப்ளாஷ் வேலைக்கு எம் மோடைப் பழகிக்கொள்வதே நல்லது.

குரூப் போட்டோவில் பின்வரிசைக்கு மட்டும் பேய்

ஃப்ளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. முன்வரிசை இரண்டு மீட்டரில், பின்வரிசை நான்கு மீட்டரில் என்றால், பின்வரிசைக்கு வருவது நான்கில் ஒரு பங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு. மண்டப வெளிச்சமோ இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே முன்னால் உட்கார்ந்த தாத்தா பளிச்சென்று இருக்க, பின்னால் நிற்கும் சித்தப்பாமார் கலங்கித் தெரிவார்கள். பின்வரிசையில் ஆட்டமும் அதிகம், அது வேறு.

ஃப்ளாஷைப் பின்னால் தள்ளி உயரத்தில் வைத்தால் இரண்டு வரிசைக்கும் உள்ள தூர வித்தியாசம் சுருங்கும். நான்கு மீட்டரிலும் ஆறு மீட்டரிலும் என்றால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுத்தான் அதிகம். கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் பவுன்ஸ் (ஃப்ளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புவது) உதவும். பெரிய கல்யாண மண்டபத்தில் கூரை எங்கோ இருக்கிறது, அங்கே பவுன்ஸ் செய்வது பேட்டரிக்குத்தான் கேடு.

தொடர்ச்சியாக எடுத்தால் இரண்டாவது படத்திலிருந்து பேய்

ஃப்ளாஷ் மறுபடி சார்ஜ் ஆகவில்லை. முதல் படத்துக்கு முழு வெளிச்சம் கொடுத்துவிட்டு, அடுத்ததற்கு மிச்சம் மீதியைக் கொடுக்கிறது, அல்லது எரிவதே இல்லை. அப்போது மண்டப வெளிச்சத்தின் பங்கு எகிறிவிடும். பவரை 1/4-க்கோ 1/8-க்கோ இறக்கி, அபெர்ச்சர் அல்லது ஐஎஸ்ஓவால் ஈடுகட்டுங்கள். மண்டபமும் சேர்ந்து ஏறும் என்பதை மறக்க வேண்டாம். சாதாரண ஆல்கலைன் செல்லுக்குப் பதில் நல்ல ரீசார்ஜபிள் நிக்கல் செல் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

பேய் மஞ்சளாக, ஊதாவாக இருக்கிறது

ஃப்ளாஷின் நிறம் சுமார் 5500 கெல்வின், மதிய வெயில் மாதிரி. பழைய மஞ்சள் பல்பு 3000-க்குப் பக்கம். கேமரா ஃப்ளாஷுக்கு ஏற்ப வெள்ளையைச் சரிசெய்யும்போது, மண்டபம் பதித்த இரண்டாவது உரு ஆரஞ்சாகிறது. கொஞ்சமான பேய்கூட நிறத்தால் காட்டிக்கொடுக்கப்படும். ஃப்ளாஷ் மேல் முழு சிடிஓ ஜெல் (ஆரஞ்சு நிற வடிகட்டித் தாள்) ஒட்டினால் அதுவும் சுமார் 3200-க்கு இறங்கும். வெள்ளைச் சமநிலையையும் டங்ஸ்டனுக்கு மாற்றுங்கள். பேய் இருக்கும், ஆனால் தோல் நிறத்திலேயே இருப்பதால் பாதிப் பேருக்குத் தெரியாது. நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறும் எல்இடி பார் லைட்டுகளுக்கு எந்த ஜெல்லும் பொருந்தாது. அங்கே ஷட்டரை ஏற்றுவது தவிர வழியில்லை.

மண்டபம் இருட்டு, ஷட்டர் 1/200, இருந்தும் விரல் நுனி கலங்குகிறது

ஃப்ளாஷ் இல்லாத சோதனைப் படம் கறுப்பாக வந்ததா? அப்படியானால் கலங்கலுக்குக் காரணம் ஃப்ளாஷே. முழு பவரில் அது எரியும் நேரம் நீளம், வால் போல மெல்லத் தேய்ந்து அணையும். தவில்காரரின் கையை அது உறைய வைக்காது. எஸ்பி-910 முழு பவரில் 1/880 என்றால், 1/8 பவரில் 1/5000. ஆகவே பவரை இறக்கி, ஃப்ளாஷைக் கிட்டே கொண்டுபோங்கள். இரண்டு ஃப்ளாஷை ஒவ்வொன்றும் பாதிப் பவரில் எரிப்பதும் பலன் தரும். பெரிய ஸ்டூடியோ லைட்டுகளில் இந்த விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பழைய வகை சிலவற்றில் பவரைக் குறைத்தால் எரியும் நேரம் கூடும். கையேட்டைப் பாருங்கள்.

1/500-க்கு ஏற்றிவிடலாமே என்றால், சாதாரண ஷட்டரில் சிங்க் வேகத்தைத் தாண்டியதும் திரையின் நிழல் கறுப்புப் பட்டையாக விழும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் சிங்க்) அந்தப் பட்டையை நீக்கும், ஆனால் ஃப்ளாஷின் பலத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மார்க் 3 போன்ற, முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. 1/80000 வரை ஃப்ளாஷ் ஒத்துழைக்கும் என்கிறார்கள். விலையைக் கேட்டால் பேயே பரவாயில்லை என்று தோன்றலாம்.

இரண்டு உருவும் துல்லியமாக இருக்கின்றன

இழுபடல் இல்லை, இரண்டு தெளிவான விளிம்புகள். அப்படியானால் இரண்டு ஃப்ளாஷ் எரிந்திருக்கிறது. ஷட்டர் மெதுவாக இருந்தபோது பக்கத்தில் இன்னொரு போட்டோகிராஃபர் அடித்தது உங்கள் படத்துக்குள் வந்திருக்கலாம். நிழல் விழும் திசையைப் பாருங்கள், இரண்டு திசை இருந்தால் அதுதான். அல்லது அவருடைய டிரிக்கர் உங்கள் ஃப்ளாஷை எரிக்கிறது. ஒரே பிராண்டு, ஒரே சேனல் என்றால் இது நடக்கும். கோடாக்ஸ் பிராண்டு ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் சேனலோடு ஐடி எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் தெரியாமல் மல்டி மோடுக்குப் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த மோடில் ஒரே ஷட்டருக்குள் பல தடவை எரியும்.

இழுபட்ட கோடு தொடர்ச்சியாக இல்லாமல் படிப்படியாகப் புள்ளி வைத்தாற்போல இருந்தால், அது எல்இடி விளக்கின் துடிப்பு.

ஷட்டரை மாற்றினாலும் மாறாத உருக்கள்

படத்தில் ஒரு விளக்கு இருக்கிறது, ஃப்ரேமின் நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அதன் மங்கலான பிரதி தலைகீழாக மிதக்கிறது என்றால், அது லென்ஸ் முன்னால் மாட்டிய யூவி ஃபில்டரின் பிரதிபலிப்பு. ஃபில்டரைக் கழற்றுங்கள், போய்விடும்.

மென்மையான வெள்ளை வட்டங்கள் மிதந்தால், லென்ஸுக்குக் கிட்டே பறக்கும் தூசி, சாம்பிராணிப் புகை, மழைத்துளி ஆகியவற்றின் மேல் ஃப்ளாஷ் பட்டிருக்கிறது. லென்ஸை ஒட்டியே ஃப்ளாஷ் உள்ள சிறிய கேமராக்களில் அதிகம் வரும். பழைய வீட்டில் எடுத்த படத்தில் இந்த வட்டங்களைப் பார்த்துவிட்டுப் பரிகாரம் கேட்கிறவர்கள் உண்டு. ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து ஓரடி தள்ளி வைப்பதே பரிகாரம்.

மொபைலில் வரும் பேய் வேறு சாதி. அங்கே இருப்பது எல்இடி, கணத்தில் வெட்டி அணையும் ஃப்ளாஷ் அல்ல. போன் பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும்போது அசைந்த கை ஒட்டாமல் நிற்கிறது. நைட் மோடையும் எச்டிஆரையும் அணைத்து எடுத்துப் பாருங்கள்.

எடுத்து முடித்த படங்களுக்கு

ஷார்ப்பன் செய்தால் பேயின் விளிம்பும் சேர்ந்து கூர்மையாகும், வேண்டாம். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) இருந்து, பேய் ஆரஞ்சாகவோ ஊதாவாகவோ இருந்தால், அந்த நிறத்தை மட்டும் அந்த இடத்தில் மங்கச் செய்தால் பாதி மறைந்துவிடும். குரூப் போட்டோவில் அடுத்தடுத்த ஃப்ரேம்களிலிருந்து சுத்தமான தலையை எடுத்து மாற்றி வைப்பது இன்னும் எளிது. அதற்காகவே ஒவ்வொரு குழுவையும் நான்கைந்து முறை அடித்து வையுங்கள், ஃப்ளாஷ் சார்ஜ் ஆக இடைவெளி விட்டு. முகத்தின் நடுவில் பேய் விழுந்த ஒற்றைப் படத்தைக் காப்பாற்ற ஏஐ கருவிகள் இருக்கின்றன. அவை மூக்கையும் கண்ணையும் ஊகித்து வரைகின்றன, ஆல்பத்தில் அந்த முகத்தைப் பார்த்து "இது யாரு?" என்று பெண்ணின் அம்மா கேட்கக்கூடும். அந்த மாதிரிப் படத்தைக் கொடுக்கும் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவதே மேல்.